கொய்யா மரத்தைக் காட்டிய கஸ்தூரி அக்கா

எங்கள் அலுவலகத் தொலைபேசி கஸ்தூரி அக்காவின் மேசையில் இருந்தது. அது அடித்தால் அவர்தான் எடுப்பார். நான் கணினியிலிருந்து தலை நிமிரமாட்டேன். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது ஓயாமல் அடித்தது. காய்ச்சல் என்று அக்கா நான்கு நாளாக வரவில்லை. வேறு யாரும் இல்லாததால் நான் எடுத்தேன். நகரியிலிருந்து அவர் கணவர் பேசினார். "உங்க அக்கா பூட்ச்சிம்மா" என்றார். எந்த அக்கா என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

இறந்தபோது அக்காவுக்கு முப்பத்தாறு வயது. திருப்பதியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியும் யாரிடமும் வாய் திறந்து பேச வரவில்லை. "வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?" என்று அக்கா தினமும் ஒரு முறையாவது கேட்பார்.

வெளிநாட்டில் வேலை செய்துகொண்டு இங்கே வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களின் கோப்புகள் எல்லாம் அவருடையவை. அப்படிப்பட்டவர்களுக்கு வாடகை தருபவர், அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வருமானம் குறைவாக உள்ளவர்கள் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். வரி கட்டிய சான்றிதழை வாங்க அக்கா நேரிலேயே போவார். போனால் வீட்டுக்காரரை வீடியோவில் அழைத்து அவர் வீட்டைச் சுற்றிக் காட்டுவார். யாரும் கேட்டுக்கொண்ட வேலை இல்லை அது.

ரேவதி அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறவர். திருப்பதியில் உள்ள அவருடைய ஒரே வீட்டில் பெண்கள் விடுதி நடக்கிறது. ஒரு முறை அக்காவோடு நானும் போயிருந்தேன். "பின்னாடி போ கஸ்தூரி, கொய்யா மரம் கீதா?" என்று ஃபோனில் குரல் கேட்டது. "கீதும்மா. காய்தான் இல்ல, பொண்ணுங்க பிஞ்சுலயே துன்னுட்டுதுங்க" என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள்.

அன்றுதான் தவறு தெரிந்தது. மாதாமாதம் வாடகையை வாங்குவது ரேவதி அம்மாவின் தம்பி. அதனால் விடுதிக்காரர் தம்பியின் பான் எண்ணைப் போட்டே வரி கட்டியிருந்தார். திரும்பி வரும் பணம் தம்பிக்குப் போய்விடும். அந்தப் பணத்தை நம்பித்தான் ரேவதி அம்மா தன் மகளை நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தார்.

தம்பி அலுவலகத்துக்கே வந்தார். "எம் பேர்ல வந்தா இன்னா? அக்கா காசு வேற, எங்காசு வேறயா?"

"அப்ப குவைத்துல வூடு தொடைக்கறதயும் பாதி பாதி பண்ணிக்கிறியா?" என்றார் கஸ்தூரி அக்கா. தம்பி எழுந்து போய்விட்டார்.

விடுதிக்காரர் திருத்த அறிக்கை கொடுத்தால்தான் வரி ரேவதி அம்மாவின் பெயருக்கு மாறும். அவரோ எப்போது போனாலும் "ரேப்பு ரா அம்மா" என்று தெலுங்கில் நாளைக்கு வரச் சொன்னார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கி வந்தா ஆட்டோ செலவு சார். இங்கயே ஒக்காந்துக்கினு இருந்தா அது மிச்சம்." வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "பேச வரலன்னா பரவால்லமே. எழுந்து வராம இருந்தா போதும்."

இரண்டு பிற்பகல்கள் அப்படி உட்கார்ந்தார். மூன்றாவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் விடுதிக்கு நான் போனேன். "ரேப்பு" என்றார் விடுதிக்காரர். அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். விடுதிப் பெண்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாலு மணிக்கு அவரே, "ஆ அம்மா ஏதி?" என்று அக்கா எங்கே எனக் கேட்டார். அக்கா இறந்ததைச் சொன்னேன். அவர் தன் கணக்கரை அழைத்து, இன்றைக்கே அனுப்பு என்றார்.

நான் பின்பக்கம் போய் ரேவதி அம்மாவை வீடியோவில் அழைத்தேன். பெயர் மாறிவிடும் என்றேன். "கஸ்தூரி எங்க? அவகிட்ட குடு" என்றார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நெடுநேரம் அவர் அழும் சத்தம் மட்டும் கேட்டது. என் முகம் தெரியாதிருக்க ஃபோனைக் கொய்யா மரத்தின் பக்கம் திருப்பினேன்.

"அப்டியே வெச்சிரு. மரத்தயே காட்டு" என்றார்.

அக்காவை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதேனும் ஒரு பேச்சு இருக்கும். என்னிடம் இருப்பது அந்த நாற்காலியில் எழுந்திருக்காமல் இருந்த ஒரு பிற்பகல். அன்று கை வலிக்கும்வரை கொய்யா மரத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.