மூன்று-சி வீட்டு பக்கெட்

போன சனிக்கிழமை எர்ணாவூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார்... புயுவெல்லாம் நல்லா கீதா?"

திரும்பினேன். ஒயர்கூடையோடு சரோஜா அம்மா. இரண்டு வருடம் முன்பு வரை திருவொற்றியூரில் எங்கள் பிளாட்ஸில், மூன்றாவது மாடியில் குடியிருந்தவர்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார்கள். சுகர் எப்படி இருக்கிறது, பிரஷர் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற ஒருவர், எடுத்த எடுப்பிலேயே மண்புழுக்களின் சௌக்கியத்தை விசாரித்து நீங்கள் கேட்டதுண்டா?

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

பச்சைப் பொய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க வேண்டுமானால், உங்களிடமிருந்து இரண்டு வருடமாக மறைத்து வைத்திருக்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் மண்புழுப் பெருமை நினைவிருக்கும். எங்கள் பிளாட்ஸில் பதினெட்டு வீடுகள். நான் செயலாளர் – வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால். முனிசிபாலிட்டி குப்பை டிராக்டர் வாரத்தில் ஒரு நாள் வரும், இரண்டு வாரம் வராது. காற்றில் மணலி உரத் தொழிற்சாலையின் அமோனியா வாசனை ஏற்கெனவே உண்டு. அதோடு குப்பைத்தொட்டியும் சேர்ந்தால் எப்படியிருக்கும்? மாதவரம் பக்கம் ஒரு பண்ணையில் போய் மண்புழு வளர்ப்பு கற்றுக்கொண்டு வந்தேன். மாடிப்படிக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டினோம். சாணம், தென்னை நார், அதன் மேல் பையிலிருந்து கொட்டிய புழுக்கள், மேலே ஈரச் சாக்கு. தினமும் காலை ஏழரை மணிக்கு எல்லா வீட்டுக்காரர்களும் காய்கறிக் கழிவை பக்கெட்டில் கொண்டுவந்து என்னிடம் தர வேண்டும்.

புழுக்களுக்கு உப்பு ஆகாது. எலுமிச்சைத் தோல் ஆகாது. மீன் கழிவு போட்டால் நாற்றம் தாங்காது. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டில் மீன் இல்லாமல் இருக்கும்? எனவே ஞாயிறன்று பூனைகளுக்கு விருந்து, புழுக்களுக்கு விடுமுறை. பிள்ளைகள் எனக்கு 'புழு அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள். நான் கோபப்படவில்லை. உள்ளூர கொஞ்சம் பெருமை கூட.

பக்கெட்டைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவேன் என்று வேறு பீற்றிக்கொள்வேன். முருங்கைக் காம்பு என்றால் மாமியார் வந்திருக்கிறார். ஆப்பிள் தோல் என்றால் யாருக்கோ காய்ச்சல். ஒரே டீத்தூளாக இருந்தால் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. துப்பறியும் நிபுணர் என்று நினைப்பு!

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சில வீடுகள் பக்கெட் கொண்டுவர சோம்பல்பட்டன. எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. மாடிப்படி அடியில் ஒரு கரும்பலகை மாட்டினேன். 'இன்று காய்கறிக் கழிவு தராத வீடுகள்' என்று தலைப்பு. கீழே சாக்பீஸில் வீட்டு எண்.

நல்ல பலன். வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஒரே வாரத்தில் பலகை காலி. ஒரே ஒரு எண்ணைத் தவிர.

3 சி.

சரோஜா அம்மா வீடு. கணவர் தனசேகர் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். கம்பெனியில் லாக்-அவுட் ஆகி நாலைந்து மாதமாகியிருந்தது. ஆனால் அவருக்கு மணலியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்துவிட்டது என்று அந்த அம்மாவே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு அவர் கிளம்பிப் போவதையும் பார்க்கிறோம். இரண்டு பெண்கள். பெரியவள் கலாவுக்குக் கல்யாணம் கூடிவந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை வசந்தா எங்கள் பிளாட்ஸிலேயே முதல் மாடி. அவர் மூலம் வந்த சம்பந்தம்தான்.

எட்டு நாள் தொடர்ந்து '3 சி' என்று எழுதினேன். ஒன்பதாவது நாள் எழுதிக்கொண்டிருக்கும்போது சரோஜா அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"சார்... போர்டுல எயுதாதீங்க சார். நாளிக்கு கண்டிப்பா குட்த்துர்றேன்."

சரி என்று விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லை. சுற்றுப்புறச் சுகாதாரம், குடிமக்களின் கடமை என்று ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எழுதிய எண்ணையும் நான் அழிக்கவில்லை.

மறுநாள் வந்தது பாருங்கள் ஒரு பக்கெட்! முட்டைக்கோஸ் இலை, காலிஃபிளவர் இலை, முள்ளங்கிக் கீரை... விளிம்பு வரை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பதினெட்டு வீடுகளில் முதல் பக்கெட் மூன்று-சி-யுடையதுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பலகையில் 'நன்றி, 3 சி' என்று எழுதினேன். அது போதாதென்று இந்தப் பக்கத்திலும் எழுதினேன். 'எங்கள் பிளாட்ஸில் ஒரு குடும்பத் தலைவி இருக்கிறார்...' என்று ஆரம்பித்து, எடுத்துச் சொன்னால் யாராக இருந்தாலும் மாறுவார்கள் என்று முடித்திருந்தேன். நிறையக் கடிதம் போட்டீர்கள். சிலர் வீட்டிலேயே தொட்டி வைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்தக் கட்டுரை வந்த பிறகு நடந்ததைத்தான் நான் எழுதவில்லை.

ஒரு நாள் காலை சாக்கைத் தூக்கினேன். குப்பென்று ஒரு நெடி. புழுக்கள் மூலையில் பந்து பந்தாகச் சுருண்டு கிடந்தன. சில சுவரில் பாதி ஏறி அப்படியே ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. தப்பித்துப் போகப் பார்த்திருக்கின்றன. குச்சியால் கிளறினேன். எதுவும் அசையவில்லை. இலைகளின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தூள். எடுத்து மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை – பிளீச்சிங் பவுடர்.

யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று முடிவு கட்டினேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் ஏழு மணிக்கே தொட்டி அருகில் போலீஸ்காரர் மாதிரி நின்றேன். ஒவ்வொரு பக்கெட்டையும் வாங்கிக் கிளறினேன். சரோஜா அம்மா பேப்பர் போட்டு மூடிய பக்கெட்டோடு வந்தார். பேப்பரை எடுத்தேன். இலைகளின் மேல் அதே வெள்ளைத் தூள்.

"இது என்னம்மா?"

"முட்டகோஸ் எல சார்."

"அது தெரியுது. மேல வெள்ளையா இருக்கே, அது என்ன?"

அந்த அம்மா என்னிடமிருந்து பேப்பரை வாங்கி மறுபடி மூடப் பார்த்தார்.

"பிளீச்சிங் பவுடர்! தொட்டியில ஒரு புழு உயிரோட இல்லை. கொன்னுட்டீங்களே!"

சுற்றி ஏழெட்டுப் பேர் பக்கெட்டோடு நின்றிருந்தார்கள். வசந்தாவும் இருந்தார். என் மனைவி மாடிப்படியிலிருந்து, "மெதுவா பேசுங்க, என்ன இது" என்றாள். எனக்கு எங்கே காதில் விழுந்தது?

சரோஜா அம்மா மெல்லிய குரலில் சொன்னார். "மார்க்கெட்டாண்ட கொட்றது சார் இது. முனிசிபால்டிகாரங்கோ பவுடர் போட்றதுக்குள்ள போயி எட்த்தாந்துருவேன். ரெண்டு நாளா போறதுக்கு லேட்டாயிட்ச்சு."

"மார்க்கெட் குப்பையை எதுக்கும்மா இங்க கொண்டு வரீங்க? உங்க வீட்டுக் குப்பை எங்க?"

நான் வாழ்க்கையில் எத்தனையோ அசட்டுக் கேள்விகள் கேட்டிருக்கிறேன். இது அசட்டுக் கேள்வி இல்லை. கேடுகெட்ட கேள்வி.

"எங்கூட்ல குப்ப ஏது சார்? ரேஷன் அரிசில கஞ்சி வெக்கிறேன். கஞ்சிக்கு ஏது தோலு?" அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க போர்டுல எயுதிகினே இருந்தீங்கோ. கீய வர்றவங்க போறவங்கல்லாம் பட்ச்சிகினு போனாங்க. வூட்ல அடுப்பு எரியலன்னு தெரிஞ்சிட்டா... பொண்ணு விசயம் பேசிகினு இருக்கசொல்ல..."

ரோட்டில் கன்டெய்னர் லாரி போகிற சத்தம் மட்டும். அந்த அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் ஆயிற்றே... முழுக்கச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தார் போல.

"நல்லா கீற எலய மட்டும் பாத்து எங்களுக்கு கொயம்புல போட்டுக்குவேன். அத மூணு தண்ணி ஊத்தி கயுவிருவேன் சார். மிச்சம்தான் பக்கெட்டுக்கு. புயுவுக்குத்தானேன்னு அத கயுவாம வுட்டுட்டேன். தப்பு எம்மேலதான். மன்னிச்சிக்கோங்க சார்."

புழுக்கள் செத்த அதே குவியலிலிருந்துதான் அந்த இரண்டு பெண்களும் சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்று தண்ணீரில் கழுவி! நான் செத்த புழுக்களுக்காகக் கத்திக்கொண்டு நிற்கிறேன். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. உள்ளே போனாலும் அங்கே செத்த மண்புழுதான் இருந்திருக்கும்.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டேன். வசந்தா தன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கலா படிக்கட்டில் நின்றிருந்தாள். அவளைத் தாண்டித்தான் வசந்தா போனார்.

விளக்கு வைத்த பிறகு என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பக்கெட்டைப் பாத்தே வீட்டைச் சொல்லுவேன்னு சொல்லுவீங்களே... மூணு வாரமா அந்த பக்கெட்டுல ஒரு வெங்காயத் தோல் பாத்தீங்களா? ஒரு சிட்டிகை டீத்தூள்?"

பார்க்கவில்லை. அடுப்பு எரிகிற எந்த வீட்டிலாவது வெங்காயத் தோல் இல்லாமல் பக்கெட் வருமா? முட்டைக்கோஸின் வெளி இலை மட்டும் வந்துகொண்டே இருக்குமா? அத்தனை நாளும் கையில் வாங்கிக் கொட்டியவன் நான்தான்.

மறுநாள் என் மனைவி ஒரு பாத்திரத்தில் அரிசியும் துவரம்பருப்பும் எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள். சரோஜா அம்மா மறுக்காமல் வாங்கிக்கொண்டாராம். பாத்திரம் இரண்டு நாளில் திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாகத் தரக் கூடாது என்று அடியில் ஒரு பிடி ரேஷன் சர்க்கரை போட்டிருந்தார். அந்தச் சர்க்கரையை எங்களால் டீயில் போட்டுக் குடிக்க முடியவில்லை.

தனசேகருக்கு மணலியில் வேலையே கிடைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. டிபன் பாக்ஸோடு போய், கடலோரத்தில் அலை தடுக்கப் போட்ட கருங்கற்கள் மேல் உட்கார்ந்திருப்பாராம். பத்து நாள் கழித்து வசந்தா வீட்டிலிருந்து, ஜாதகம் சரியாகப் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதே ஜாதகம் போன மாதம் பொருந்தியிருந்தது. அந்த மாதக் கடைசியில் மூன்று-சி காலியானது. எர்ணாவூரில் ஒற்றை அறை பார்த்துப் போனார்கள். சாமான் ஏற்றிய மீன்பாடி வண்டி கிளம்பும்போது நான் வீட்டில்தான் இருந்தேன். கீழே இறங்கிப் போகத் தைரியம் வரவில்லை.

இதைத்தான் உங்களிடம் மறைத்தேன். பாராட்டி எழுத ஒரு பக்கம் இருந்தது. இதை எழுத இடமில்லையா? இருந்தது. எனக்குத்தான் மனசில்லை.

சரி, பஸ் ஸ்டாப்புக்கு வருவோம்.

"நல்லா இருக்கும்மா" என்று நான் சொன்னதும் சரோஜா அம்மாவின் முகம் லேசாகிவிட்டது.

"அப்பாடா! மன்சுல உறுத்திகினே இருந்திச்சு சார். வாயில்லா ஜீவன்... அத்தினியும் எங்கையால பூட்ச்சேன்னு."

"கலா எப்படி இருக்காம்மா?"

"எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவுது சார். அதும் சம்பளத்துலதான் ஓடுது."

"கல்யாணம்...?"

"ஒண்ணும் குதிரல சார். பாப்போம்."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். என்மேல் கோபம் துளிக்கூடத் தெரியவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அதற்குள் பஸ் வந்துவிட்டது. "வூட்ல அக்காவ கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போய்விட்டார். நான் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. ஏறவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு தொட்டியில் புதுப் புழு எதுவும் விடவில்லை. இன்னொரு வீட்டு பக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. மண் போட்டு மூடி மேலே சிமென்ட் பூசியாகிவிட்டது. இப்போது அதன் மேல் யாரோ ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். கரும்பலகை மட்டும் இன்னும் இருக்கிறது – தண்ணீர் லாரி வரும் நேரம் எழுத. '3 சி' என்ற எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரிகிறது.

செத்த புழுக்களுக்காக அந்த அம்மா அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டார். நான்தான் இன்னும் கேட்கவில்லை.