மேற்குக் காற்றில் டொமினிக்

மெக்கானிக் டொமினிக் என் ஸ்கூட்டரின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். நான் போனது பின்சக்கரத்துக்குக் காற்றடிக்க. வண்டிக்கு வேறு ஒரு கோளாறும் கிடையாது. நல்லாத்தானே ஓடுது, எதற்கு இந்த வேலை என்று கேட்டால் மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சும்மா இருங்க சார். காத்து வந்துடுச்சு."

லிங்கராஜபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூன் பிறந்து மேற்குக் காற்று திரும்பினால், அந்தப் பக்கத்து சிகரெட் ஃபேக்டரியின் புகையிலை வாசனை எங்கள் தெருக்களில் புகுந்துவிடும். வைக்கோலை வெல்லப்பாகில் நனைத்து வைத்த மாதிரி இருக்கும். கொடியில் காயும் துணியில் ஒட்டும், தலையணையில் ஒட்டும். சிகரெட்டை விட்டவன் குடியிருக்க இதைவிட மோசமான ஏரியா பெங்களூரிலேயே கிடையாது. டொமினிக் இங்கேதான் விட்டார், அதுவும் ஐம்பதை நெருங்குகிற வயதில்.

இந்த ஒரு மாதமாக, வாசனை வந்ததும் அவருக்குக் கை பரபரக்கும். நாலு கொத்தமல்லி விதையை வாயில் போட்டுக்கொண்டு, எந்த வண்டி எதிரே நிற்கிறதோ அதன் கார்புரேட்டரில் கை வைத்துவிடுவார். கழற்றி, பெட்ரோலில் அலசி, பெட்ரோல் பாயும் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஊதுவார். "இந்த ஓட்டை ஊசிமுனை சைசு சார். இதையே பாத்துக்கினு இருந்தா வேற எதுவும் மண்டைக்குள்ள ஏறாது." மாட்டி முடிப்பதற்குள் அந்தத் தவிப்பு தணிந்துவிடும். இதற்குக் காசு வாங்க மாட்டார். "பேஜாரு எனுது, துட்டு உனுதா?" என்பார்.

எங்கள் ஜனம் லேசுப்பட்டதா என்ன? எதிர் டீக்கடை கிருஷ்ணப்பா, "டொமினிக், காத்து! உசாரு!" என்று ஒரு குரல் விட்டால் போதும். நன்றாக ஓடுகிற வண்டியையும் தள்ளிக்கொண்டு வந்து டொமினிக் கடை வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை பாதிரியாரின் மொபெட்டே வரிசையில் நின்றது.

வருஷா வருஷம் தவக்காலத்தில் அவர் சிகரெட்டை நிறுத்துவது வழக்கம்தான். ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் கேட்டைத் தாண்டினால் பெயின்டர் ஜெயராஜ் தீப்பெட்டியோடு நிற்பார். இரண்டு பேரும் பற்றவைத்துக்கொண்டு பண்டிகையைத் தொடங்குவார்கள். இந்த வருஷம் தவக்காலத்துக்குச் சற்று முன்னால் ஒரு காரியம் நடந்தது. தர்ஷினி என்ற காலேஜ் பெண்ணின் ஸ்கூட்டி நின்றுபோய், அதை மேட்டில் தள்ளிக்கொண்டு போன டொமினிக், பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, தானே வண்டியைத் தள்ளி வந்து கடையில் நிறுத்தியது.

"மானம் போச்சு சார்! மெக்கானிக்கு ரோட்டோரம் குந்திக்கினு கீறான், கஸ்டமரு வண்டி தள்ளுது!"

ஈஸ்டர் அன்று ஜெயராஜ் சிகரெட்டை நீட்டியபோது, "பேடா மச்சான்" என்று கன்னடத்தில் மறுத்துவிட்டு நடையைக் கட்டிவிட்டார். "தவக்காலத்துல எவன் வேணா புடிக்காம இருப்பான். ஈஸ்டர் அல்லேலூயா பாடினதுக்கு அப்பறமும் இருக்கணும். அதான் சார் கெத்து."

காற்றையாவது சமாளித்துவிடலாம். பெரிய சோதனை வீட்டுக்குள் இருக்கிறது. மனைவி அன்னம்மாள் அதே ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷன், பர்மனென்ட். டொமினிக் கடை வைத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். அன்னம்மாளின் புடவை, தலைமுடி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றிலும் புகையிலை. கணவர் விட்ட நாளிலிருந்து அந்த அம்மாள் ஷிஃப்ட் முடிந்து எதிர்ச்சாரியிலேயே நடந்து, பின்சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்து, தலைக்குக் குளித்த பிறகுதான் அவர் பக்கத்தில் வருகிறார். பெங்களூர்க் குளிரில் தினமும் தலைக்கு ஊற்றினால் என்ன ஆகும்? ஓயாத தும்மல். கடைசியில், வேலையையே விட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டாராம்.

"நாளைக்கி எழுதிக் குடுக்கறாளாம் சார்," என்கிறார் டொமினிக். கை நின்றுவிட்டது. "அந்த யூனிஃபாரம் பொடவைய கட்டிக்கினு அவ நடக்கறத நீங்க பாக்கணும். ராணி மாரி நடப்பா. எனுக்கு தில்லு இல்லன்னு அவ வேலைய விடணுமா? அப்டி விட்டா நான் சிகரெட்ட விட்டதுக்கு இன்னா மரியாதி?" எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

என் வண்டியை முடித்துக் கொடுக்கும் நேரத்தில் ஷிஃப்ட் விட்டுவிட்டது. எதிர்ச்சாரியில் அன்னம்மாள் வருகிறார். டொமினிக் எழுந்து, குறுக்கே வந்த ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தி, ரோட்டைக் கடக்கிறார். நானும் கிருஷ்ணப்பாவும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம்.

"ஏங்க, அங்கியே நில்லுங்க! நான் இன்னும் குளிக்கல!"

"நாளைக்கி எழுதிக் குடுக்கறது நிஜம்தானா?"

"ஆமா. உங்களுக்கும் நிம்மதி, என் தும்மலும் போவும். வேலை இன்னா பெரிய வேலை…" சொல்லும்போதே அன்னம்மாளின் முகம் சுருங்கிவிடுகிறது.

டொமினிக் கிரீஸ் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். குனிந்து, மனைவியின் தோளில், அந்த யூனிஃபார்ம் புடவையில் முகத்தை அழுத்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார். அதை வெளியே விட அவசரப்படவில்லை.

"ஐயோ, நடு ரோட்டுல இன்னாங்க இது!" தள்ளிவிட எடுத்த அன்னம்மாளின் கை அவர் தலையில் தங்கிவிடுகிறது.

நிமிர்கிறார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "ஒண்ணும் ஆவல," என்கிறார். "நாளைக்கி ஒழுங்கா வேலைக்கிப் போ."

கிரீஸ் படாமல் மிஞ்சியிருந்த சுண்டுவிரலால் சாப்பாட்டுப் பையை வாங்கி மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, மனைவியின் தோளோடு தோள் உரச நடந்து போகிறார்.