கரிநாளில் சுற்றிய ராட்டினம்

அடுத்த வருஷத்தை எங்கள் எல்லாருக்கும் முன்னால் படித்து முடித்துவிடுகிறவள் நாகஜோதி அக்கா. திருத்தங்கலில் நாங்கள் வேலை பார்க்கும் அச்சகத்தில் தினசரி காலண்டருக்கு புரூஃப் பார்ப்பது அவள்தான். நான் முனியராஜ், அங்கேயே ஆப்செட் மெஷின் ஓட்டுகிறேன். ராகு காலம், எமகண்டம், முகூர்த்தம், கரிநாள் என்று முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் எழுத்தெழுத்தாகப் பார்த்து அக்கா கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிளேட் என் கைக்கு வரும். ஒரு தடவை டைப் அடித்தவர் ஆனி மாசத்து முகூர்த்த நாள் ஒன்றை விட்டுவிட்டார். "ஒரு கல்யாணத்தையே நிப்பாட்டப் பாத்தீகளே" என்று அக்கா ஆரம்பித்ததில் அந்த மனுஷர் அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. கோபம் வந்தால் அவளுக்கு முதலாளி, தொழிலாளி என்ற வித்தியாசம் கிடையாது.

இம்புட்டு வாயும் அச்சகத்தோடு சரி. வீட்டில் வள்ளித்தாய் ஒரு வார்த்தை சொன்னால் மறுவார்த்தை இல்லை. இரண்டு பேருக்கும் பதினோரு வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம் சித்தி மக்கள் என்று சொல்லியிருந்தார்கள். தெரு, சிநேகிதிகள் என்று தானாகவே வைத்துக்கொண்டது. உண்மையில் அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் யார் என்று அக்காவுக்குத் தெரியும். பெண்கள் மேல் மனசு போகாத ஆண்பிள்ளை நான். வீட்டில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது மெஷின் பக்கத்தில் நின்று அக்காவிடம்தான் அழுதேன். "தாள் நனையுது, அங்கிட்டுப் போய் அழு" என்றாள். அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிப்போய், "இவதான் என் வள்ளி" என்று சொன்னாள். அப்போதிருந்து வள்ளித்தாய் எனக்கு மதினி. அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. கூப்பிட்டால் அவள் முகம் மலரும் என்பதற்காகவே தேவையில்லாமல் பத்துத் தடவை கூப்பிடுவேன்.

மதினி ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தீபாவளி சீசன் முடிந்ததும் அங்கே ஆட்களை வேன் வைத்து டூர் கூட்டிப்போவார்கள். நாலுவழிச்சாலையில் ஒரு பார்க் இருக்கிறது. தண்ணீர்ச் சறுக்கு, ராட்சத ராட்டினம் எல்லாம் உண்டு. குடும்பத்தோடு வரலாம். அந்த வருஷம் மதினி அக்காவைக் கூட்டிவர எழுதிக் கொடுத்தாள். "ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா" என்று அந்தப் பெயரை அடித்துவிட்டார்கள்.

மதினி தனியாகப் போய்விட்டு ராத்திரி திரும்பியவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம். பிறகு சொன்னாளாம்.

"ராட்டினத்துல ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு ரெண்டு பேரு. எல்லாரும் சோடியா ஏறிட்டாக. நான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அம்புட்டுப் பேரு பையும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வருஷா வருஷம் நான்தான் பை பாக்கேன் ஜோதி. எனக்குச் சலிச்சுப் போச்சு."

திருப்பூரில் மதினியின் அத்தை மகள் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தாள். அங்கே யார் யாரோடு இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லையாம். பங்குனியில் அங்கே போய்விடுவதாக மதினி முடிவு செய்துவிட்டாள். நீயும் வா என்று அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஓடிப் போறதுக்கு நாம என்ன களவாண்டுட்டா வந்திருக்கோம்?" என்றாள் அக்கா.

"அப்ப நீ இரு. நான் போறேன்."

மறுநாள் அக்கா புரூஃபைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் திருப்பி வைத்தேன். மதினி போய்விட்டால் இவள் என்ன ஆவாள் என்பதுதான் அன்று முழுக்க என் நினைப்பு.

இந்த இடத்தில் 'வாரம் ஒரு குழம்பு' பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பின் பெயர் அது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம் வட்டாரத்தில் எங்களைப் போன்றவர்கள் நாற்பத்தோரு பேர் அதில் இருந்தோம். யாராவது போனைப் பிடுங்கிப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்றுதான் அந்தப் பெயர். ஆரம்பித்தது பாண்டிச்செல்வி, சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பணியாரக் கடை வைத்திருக்கும் திருநங்கை. பெயருக்கு ஏற்றபடி அவள் நிஜமாகவே அவ்வப்போது குழம்பு செய்முறையும் போடுவாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே அபூர்வம்.

அந்தக் குரூப்பில் அக்கா எழுதினாள்: "நாம எல்லாரும் சேந்து ஒருநாள் பார்க்குக்குப் போறோம்." நாற்பத்தோரு பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். போனில் விரல் தூக்குவது சுலபம்.

அக்காவும் நானும் பார்க் மேனேஜரைப் பார்க்கப் போனோம். முத்துக்கிருஷ்ணன் என்று பெயர், நெற்றியில் சந்தனம், மேஜையில் மூன்று போன்.

"என்ன குரூப்புங்க? ஸ்கூலா, கம்பெனியா?"

காலண்டர் நண்பர்கள் குழு என்று சொல்லச் சொல்லி வழியெல்லாம் அக்காவுக்குப் பாடம் எடுத்திருந்தேன். அவள் கேட்டால்தானே.

"ஆம்பளைய விரும்புற ஆம்பள, பொம்பளைய விரும்புற பொம்பள, திருநங்கை, திருநம்பி. நாப்பத்தோரு பேரு இருக்கோம். ஒரு நாளு சந்தோசமா இருந்துட்டுப் போகணும். முடியுமா, முடியாதா?"

நான் வாசலைப் பார்த்தேன். மேனேஜர் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தார்.

"தண்ணியில எறங்கணும்னா நைலான் துணிதான் போடணும். காட்டன் கூடாது. அதச் சொல்லிருங்க."

பட்டாசு கம்பெனியில் உரசித் தீப்பொறி வரும் என்று நைலான் கூடாது, காட்டன்தான். இங்கே காட்டன் கூடாது, நைலான்தான். மதினியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உயிர் வந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. ஆனா மத்தவுக ஏதாச்சும் பேசி வம்பாயிரக் கூடாது. கூட்டம் இல்லாத நாளாப் பாத்துக்கோங்க. அப்புறம், முப்பது பேருக்குக் கொறஞ்சா பெரிய ராட்டினம் ஓட்ட மாட்டோம், அது ரூல்ஸு" என்றார் மேனேஜர்.

கூட்டம் இல்லாத நாளைக் கண்டுபிடிக்க அக்காவை விட்டால் இந்த ஜில்லாவில் யார் இருக்கிறார்கள்? ஒரே ராத்திரியில் கண்டுபிடித்தாள். மாசி பதினாறு, செவ்வாய்க்கிழமை, நவமி, போதாக்குறைக்குக் கரிநாள். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவும் கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். "ஈ காக்கா வராது முனி" என்று அக்கா குதித்தாள்.

ஈ காக்கா மட்டுமில்லை, எங்கள் ஆட்களும் வரவில்லை.

காலை பத்து மணிக்கு பார்க் வாசலில் நின்றது மொத்தமே பன்னிரண்டு பேர். போன் மேல் போன். "அக்கா, கரிநாளாம்ல. அம்மா காலண்டரப் பாத்துட்டு வாசலத் தாண்ட விடல." "அக்கா, புதுசா ஒண்ணு ஆரம்பிக்கும்போது இன்னைக்குப் போயி வேண்டாம்னு தோணுது." அவர்கள் வீட்டில் தொங்குவதெல்லாம் எங்கள் அச்சகத்துக் காலண்டர். அக்கா கையெழுத்துப் போட்டு, நான் மெஷினில் ஓட்டியது. சொந்தக் கையாலேயே சூனியம் வைத்துக்கொண்டோம்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடுதான் நான் வந்திருந்தேன்.

உள்ளே விளையாடப் போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு மஞ்சள் பட்டை கட்டினார்கள். மதினி எல்லார் பையையும் வாங்கிக்கொண்டு ராட்டினத்துக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். மேனேஜர் பட்டைக் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பதினொண்ணுதான் ஆகிருக்கு. ராட்டினத்தை மறந்துருங்க."

அக்கா முகம் கறுத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்று, போனை வாயருகே வைத்துக் குரூப்புக்குப் பேசினாள். அந்தக் குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

"எல்லாரும் கேளுங்க. கரிநாள்னு தாள்ல இருக்கது சரிதான்னு கையெழுத்துப் போட்டவளே நான்தான். நம்மள்ல யாரு நல்ல நாளு பாத்து ஆசப்பட்டீக? எந்த முகூர்த்தத்துல நமக்கு யாரு சந்தனம் குடுத்தாக? ஊருக்கு நல்ல நாளா இருந்த அம்புட்டு நாளும் நாம ஒளிஞ்சுதான கெடந்தோம்? ஊரு வேண்டாம்னு தள்ளுன நாளு ஒண்ணு கெடக்கு. அதையும் வேண்டாம்னா நமக்கு எந்த நாளுதான் இருக்கு?"

பிறகு குரல் இறங்கிவிடும்.

"இன்னொண்ணு, இதுவரைக்கும் சொன்னதில்ல. என் வள்ளி திருப்பூருக்குப் போகப் போறா. புடிச்சு நிறுத்த எனக்கு வேற வழி தெரியல. ஒரு தடவ, பட்டப்பகல்ல, நாலு பேரு பாக்க ராட்டினத்துல அவ பக்கத்துல உக்காரணும். முப்பது பேரு இல்லாம அது சுத்தாதாம். இங்கன பதினோரு பேரு இருக்கோம். வாரவுக வாங்க."

ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு சாத்தூரிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து ஆறு பேரை இறக்கியது. அதில் ஒரு காலேஜ் பையன் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறான். "மாரிக்குக் கரிநாள் கெடையாதுன்னு எங்கம்மாவே அனுப்பி வச்சாக" என்றான். பைக்கில் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். ராஜபாளையம் பஸ்ஸில் பிரபாகரன் என்ற மில் தொழிலாளி வந்தார். கர்சீப்பை எடுக்கும்போது அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. நான் என்னுடையதை எடுத்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

நாலு மணிக்கு மேனேஜர் மறுபடி பட்டைக் கணக்கோடு வந்தார்.

"இருபத்தொம்பது. எனக்கே கஷ்டமா இருக்கு. மேல கேப்பாக. இன்னும் ஒரே ஒரு ஆளு இருந்தா ஓட்டிருவேன்."

எல்லாரும் ஆளுக்கொரு போனை எடுத்தோம். எடுப்பவர் இல்லை. ஐந்து மணிக்கு ராட்டினத்தைப் பூட்டிவிடுவார்கள். தோற்றுவிட்டேன் என்று சொல்வதற்காக அக்கா வேப்பமரத்தடிக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மதினி நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அவள் கையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அலுமினியப் பவுடர் ஏறிச் சாம்பல் பூத்த அந்த மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"உன் பட்டை எங்க வள்ளி?"

"நான் பைதான பாக்கேன். எனக்கு எதுக்கு?"

வருஷத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுகிற அக்கா, காலையிலிருந்து எல்லாரையும் எண்ணியவள், யாருக்காக எண்ணினாளோ அவளை எண்ணாமல் விட்டிருந்தாள். நானும்தான் விட்டிருந்தேன்.

"என் கண்ணு அவிஞ்சா போச்சு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "ஒன்னையப் போயி நானே விட்டுட்டேனே. பை பாக்க வச்சுட்டேனே."

ஓடிப்போய் ஒரு பட்டை வாங்கி வந்தாள். மண்ணில் உட்கார்ந்து, மதினியின் மணிக்கட்டில் கட்டினாள். பாண்டிச்செல்வி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள் பாருங்கள், பார்க் முழுக்கக் கேட்டது. எங்களில் பாதிப் பேருக்குக் குலவை போடத் தெரியாது. தெரிந்த மாதிரி போட்டோம்.

"முப்பது" என்றார் மேனேஜர். பிறகு பைகளைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். "நீங்க ஏறுங்கம்மா. பைய நான் பாத்துக்கிடுதேன்." சந்தனப் பொட்டும் மூன்று போனுமாக அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

ராட்டினம் சுற்றியது. அக்காவும் மதினியும் முன் பெட்டியில். அடுத்த பெட்டியில் நானும் பிரபாகரனும். உச்சியில் ராட்டினம் ஒரு நிமிஷம் நின்றபோது மதினியின் குரல் கேட்டது.

"ஜோதி, கீழ பாரேன். நம்ம பையெல்லாம் எம்புட்டுச் சிறுசா இருக்கு."

அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உயரம் என்றால் பயம் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். மதினி அவள் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க.

பங்குனி வந்தது. திருப்பூர் அத்தை மகள் போன் செய்தபோது, "மாசிக்கு மாசி இங்கன ஒரு சோலி இருக்குடி" என்று மதினி சொல்லிவிட்டாள். வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்து அவர்கள் வேறு தெருவுக்குக் குடிபோக வேண்டியிருந்தது. அதில் மதினிக்கு வருத்தம்தான், போகலாம் என்ற பேச்சை மட்டும் அவள் மறுபடி எடுக்கவில்லை. அடுத்த மாசி பதினாறுக்கு எழுபது பேர் வந்தோம். அதற்கடுத்த வருஷம் நூற்று நாற்பது. பை பார்ப்பதற்கு மணிக்கு ஒரு ஆள் என்று முறை வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் மதினி பெயரைத் தவறியும் யாரும் எழுதுவதில்லை.

போன மாசம் பார்க் மேனேஜர் முத்துக்கிருஷ்ணன் போன் செய்தார். நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன், போனை அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இந்தத் தடவ மாசி பதினாறு சனிக்கிழமையில வருதுங்க. வெளிக் கூட்டம் கண்டிப்பா இருக்கும். வேற நாள் பாக்கவா?"

அக்கா அடுப்படியைப் பார்த்தாள். மதினி வெங்காயத்தை வதக்கியபடியே வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கூட்டம் வந்தா வரட்டும்ங்க. நாங்களும் கூட்டம்தான்" என்றாள் அக்கா.

"பை பாக்க அவரு வருவாராமா, கேளு" என்றாள் மதினி.