சோதனைக்கு முந்தின மூன்று நாள்

எங்கள் அக்கா ராமாத்தாளுக்கு ஒரு பழக்கம். மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதென்றால் மூன்று நாள் முன்பிருந்தே பருத்திக்கொட்டையும் புண்ணாக்குமாக வைத்து, வயிறு எடுப்பாகத் தெரிந்த பிறகுதான் ஓட்ட விடுவாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கட்டின புருஷனுக்கும் அதையே செய்வாள் என்று யார் கண்டது? அதில் எங்கள் மச்சான் சென்னிமலை உயிரையே விடப் பார்த்தார்.

எழுபத்து நாலாம் வருஷம், கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து பிழைத்தார். இதயத்துக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டதாம். இனி உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ரத்த சோதனை என்றார் டாக்டரம்மா. ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். கூட்டிப்போய் வரும் வேலை என் தலையில் விழுந்தது.

சோதனை என்றதும் அக்காவுக்குச் சந்தைதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரத்தம் நல்லபடியாகத் தெரிய வேண்டுமே! மூன்று நாள் முன்பிருந்து மூன்று வேளையும் முருங்கைக்கீரை. பொரியல், கடைசல், ரசம். சோதனை முடிந்தால் வீட்டில் கீரை கண்ணில் படாது. மச்சான் மாட்டைவிடச் சாது. வைத்ததைத் தின்றார். எடுத்த ரத்தமோ சட்டென்று உறைந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். அடுத்த தடவையும் அதே கதை, மறுபடி கூட்டினார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, காலையில் வேப்பங்குச்சியால் பல் தேய்த்தவருக்கு ஈறில் ரத்தம் வந்தது. நிற்கவேயில்லை. ஒரு துண்டு முழுக்க நனைந்துவிட்டது. தொடையிலோ அடிபடாமலே கருநீலத் திட்டுகள். வாடகைக் கார் பிடித்துக் கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை, அக்கா அவர் வாயருகே துண்டைப் பிடித்தபடியே வந்தாள்.

டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டு, ரத்தமும் ஏற்றினார். போன வாரம் சட்டென்று உறைந்த ரத்தம் இன்று உறையவே மாட்டேனென்கிறதே, இடையில் என்ன மாறியது என்று துருவித் துருவிக் கேட்டார். நான்தான் போட்டு உடைத்தேன்.

"சோதனைக்கு முந்தி மூணு நாளு மட்டும் அக்கா கீரையாவே ஆக்கிப் போடுமுங்க. மத்த நாளு கெடையாதுங்க."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு விளக்கிச் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை ஈரல் உண்டாக்குகிறது. மாத்திரை அதைத் தடுக்கிறது, கீரை ஈரலுக்குக் கைகொடுக்கிறது. கீரை தின்ற நாளின் ரத்தத்தைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால், கீரை இல்லாத நாளில் அது அளவுக்கு மிஞ்சிப் போகாதா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அக்காவை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு அலசப் போனேன்.

சாயங்காலம் ரத்தம் நின்றது. மச்சான் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கீரையை விட வேண்டாம், தினமும் ஒரே அளவாக ஒரு கரண்டி போதும், சோதனைக்கென்று தனியாக எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

அக்கா கட்டிலருகே வந்தாள். "நானே கொல்லப் பாத்துட்டனுங்களே. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நான் நெஞ்சப் புடிச்சுட்டு உழுந்தன்னிக்கு நீ அழுதது இன்னும் என்ற காதுல இருக்குது. நீ தட்டத்த வெச்சுட்டு என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறப்ப, எப்படி வேண்டாங்கறது?"

அக்கா காப்பியை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் முதல் வாய் குடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.