இறங்குகிற பஸ்ஸின் கணக்கு

சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் பிரேக் காந்தும் வாடை வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு அது வகுப்பறை வாடை. பாதையை அகலப்படுத்தும்போது இடித்துவிட்ட எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு நேர் மேலே இருந்தது; அந்த வாடையும் கியர் மாற்றும் உறுமலும் ஹாரனும் நாள் முழுக்க ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, நாங்கள் கணக்குப் போடுவோம், பெரும்பாலும் தப்பாக. “எஸ்டேட்டுப் புள்ளைகளுக்குக் கணக்கு வராதுங்க” என்று எங்கள் அம்மாக்களே டீச்சரிடம் சொல்லிவிடுவார்கள். ஐந்தாவதோடு என்னை நிறுத்திக் காப்பி பறிக்க அனுப்ப அம்மாவுக்கு அந்தக் காரணம் போதும்.

சேலத்திலிருந்து புதிதாக வந்த டீச்சர் ஒருநாள், “சேலத்துல இருந்து இங்க வர ஒரு மணி நேரம். அதே வேகத்துல திரும்பிப் போக?” என்று கேட்டார்.

“கூட ஆகுமுங்க!” என்றது மொத்த வகுப்பும்.

டீச்சரின் முகம் தொங்கிவிட்டது. “ஏன் கண்ணு?” என்று என்னைக் கேட்டார்.

“ஏறுற வண்டிக்கு ஒதுங்கி நின்னு வழி உடோணுமுங்க டீச்சர்” என்றேன், அடிக்குக் கையை நீட்டியபடியே.

அவர் ஜன்னலுக்குப் போனார். கீழே இறங்குகிற பஸ் ஒதுங்கி நிற்க, உர மூட்டை லாரி ஒன்று முக்கி முக்கி ஏறியது. அது மறையும்வரை பார்த்துவிட்டு வந்தவர், நீட்டியிருந்த என் கையில் சாக்பீஸை வைத்தார்.

“சரி கண்ணு, எங்கயும் நிக்காத பஸ்ஸுன்னா?”

அதற்கென்ன, ஒரு மணி நேரம்தான். அது எங்களில் யாருக்குத்தான் தெரியாது!