முழங்கையில் வளர்ந்த எலும்பு

எண்பதுகளின் நடுவில் புதுவாயலில் குடியிருந்தோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோரில் எனக்கு வேலை. அந்த ஆடி மாதம் என் மனைவி பஸ் படியில் வழுக்கி விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாள். சென்னையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். மூன்றாவது வாரம் மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர் சொன்னதை அன்றே டைரியில் எழுதினேன்: எண்ணெய் போட்டு உருவக் கூடாது. யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. அவளாகவே முடிந்த அளவு மடக்கி நீட்ட வேண்டும். மீறினால் தசைக்குள் எலும்பு வளரும்.

நான்கு நாள் அப்படியே இருந்தோம். தட்டிலிருந்து எடுத்த சோறு வாய்வரை போகவில்லை. கை ஒரு சாண் முன்னாலேயே நின்றது. பார்க்க வந்த என் அக்கா என்னைத்தான் திட்டினாள்.

"இன்னாடா இது, கட்டு பிரிச்ச கைக்கு எண்ண காட்டாம வெச்சிக்கினு கீற? கட்டையா பூடும். அந்த டாக்டரா வந்து சோறு ஊட்டுவாரு?"

எங்கள் பக்கத்தில் கட்டுப் பிரித்த கையை உருவாமல் விட்டால், கவனிக்காமல் விட்டதாக அர்த்தம். மறுநாளிலிருந்து நல்லெண்ணெயைச் சூடாக்கி, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் உருவினேன். மணிக்கட்டைப் பிடித்து மடக்கினேன். ஸ்டோரிலிருந்து ஒரு கோணமானியை எடுத்துவந்து, கை எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து குறித்தேன். முதல் வாரம் ஐந்து டிகிரி கூடியது.

"மெதுவாங்க. நான் இன்னா உங்க கம்பெனி கம்பியா, வளைக்கறதுக்கு?" என்று சிரித்தாள்.

பிறகு சிரிப்பு நின்றது; முந்தானையைக் கடித்துக்கொண்டாள். முழங்கை வீங்கிச் சுட்டது. டிகிரி குறையத் தொடங்கியது. குறைந்ததால் இன்னும் அழுத்தினேன்.

அடுத்த முறை போனபோது எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டின் முன்பக்கம், எலும்பே இருக்கக் கூடாத இடத்தில், பஞ்சுபோல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடியே கேட்டார்.

"யாரு உருவினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நாந்தான் சார். இவரு வேணாம்னுதான் சொன்னாரு. ஊட்ல யாரும் இல்லாதப்ப நானே உருவிக்கினேன்."

"அவ்ளோ சொல்லி அனுப்பினேனே, அறிவு இருக்காம்மா?"

இனி ஒரு வருஷமாவது அந்த எலும்பைத் தொட முடியாது, பிறகு வெட்டி எடுத்தாலும் கை மடங்கும் என்று உறுதி இல்லை என்றார். அவள் தலையாட்டினாள். நான் மருந்துச் சீட்டை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில், "ஏன் அப்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"உங்கள திட்டியிருந்தா நீங்க தாங்க மாட்டீங்க," என்றாள்.

அதன்பின் தினமும் நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் சாப்பிட்டாள். ஊட்டிவிடட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.