விற்பதற்காக வாங்கப் பார்த்தோம்

எங்கள் கால்பந்து கிளப்பில் பதினான்கு பெண்கள். கோல் போடத் தெரிந்தவள் ஒருத்தி. மற்ற பதின்மூன்று பேரும் அவளிடம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும், அவள் கோல் போட்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பதற்கும் இருந்தோம். நான் கோல்கீப்பர். நான் கட்டிப்பிடிக்கப் போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கியிருக்கும்.

மைதானம் தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில், மனை போட்டு விற்காமல் மிச்சமிருக்கும் ஒரு துண்டு நிலம். கார்னர் கொடி நட வேண்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய மனைக்கல் நிற்கும். அது எங்களுக்கு வசதிதான், காற்றில் விழாது.

கோல் போடுகிறவளுக்கு ஊர் இலத்தூர். பத்தொன்பது வயது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கிளப் அவளுக்குக் கொடுத்தது ஒரு ஜெர்சி. பூட்ஸ் அவளாக வாங்கிக்கொண்டது. கணுக்கால் வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவள் அப்பாவின் ஆட்டோ.

போன சாரல் சீசனில் கேரளத்து கிளப் ஒன்றின் மேனேஜர் குடும்பத்தோடு குற்றாலத்தில் குளிக்க வந்தார். போகிற வழியில் எங்கள் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் மூன்று கோல் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் எங்கள் தலைவருக்குப் போன் வந்தது. அவளை எடுத்துக்கொள்கிறோம், தங்க இடம், சாப்பாடு, சம்பளம், அங்கேயே கல்லூரிப் படிப்பு. கிளப்பின் சம்மதத்தை மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

அவளுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு தென்காசியில் வரப்போவதில்லை. ஆனால் எங்கள் கமிட்டியின் காதில் விழுந்தது 'சம்மதம்' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். செயலாளர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. பொருளாளர் துபாயில் இருந்து திரும்பிய பாய். மூவரும் பந்தை உதைத்து நான் பார்த்ததில்லை. கூட்டம் குற்றாலத்தில் ஒரு பரோட்டாக் கடையில் நடந்தது. கடிதம் எழுதுவதற்காக என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.ஏ. ஆங்கிலம் வரைக்கும் போனேன். இதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

"குடுக்கக் கூடாது. அவ போய்ட்டா கோல் யாரு போடுவா? நீரா?" என்று ஏட்டையா பாயைப் பார்த்துக் கேட்டார்.

"வே, ஒலகம் பூரா இப்படித்தான் நடக்கு. சின்ன கிளப் விக்கும், பெரிய கிளப் வாங்கும். ஆனா சும்மா தூக்கிக் குடுத்துரக் கூடாது. நாளைக்கு அவுக வேற யாருக்காவது வித்தா நமக்கும் பங்கு வேணும். திருப்பி வாங்கிக்கிடுத உரிமையும் வேணும். எல்லாம் எழுத்துல இருக்கணும்."

"அப்போ ஒரு வேன் கேட்டுப் பாப்போமா?" என்றார் தலைவர், சால்னாவை ஊற்றிக்கொண்டே.

"வேன் எதுக்கு அண்ணாச்சி? அவளும் போய்ட்டா அதுல யார ஏத்திக்கிட்டுப் போவிய?" என்றார் ஏட்டையா.

"குற்றாலத்துக்கு நாம வந்து போகலாம்லா."

நான் கேட்டேன். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா அண்ணாச்சி?"

"அவகிட்ட என்னத்தக் கேக்க? சின்னப் புள்ள. நாம பாத்து நல்லது செய்வோம்."

நியாயத்துக்காகக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நானும் ஏட்டையா கட்சி. ஐந்துக்கு மூன்று, நான்குக்கு மூன்று என்றுதான் நாங்கள் ஜெயிப்போம். அவள் போடும் ஐந்தைப் பற்றி ஊர் பேசும். நான் விட்ட மூன்றைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அவள் போய்விட்டால் அந்த மூன்று மட்டும் மிஞ்சும்.

கடைசியில் வேன் கட்சி வென்றது. மேனேஜரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, பாய் விவரத்தை அடுக்கினார். பங்கு, உரிமை, வேன். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சேட்டா. அந்தக் குட்டி உங்க கிளப்பில் கரார் ஒப்பிட்டிருக்கோ? ஒரு காப்பி அனுப்புங்க, பேசலாம்" என்றது.

கரார் என்றால் ஒப்பந்தம், ஒப்பிடுவது என்றால் கையெழுத்துப் போடுவது. பிறகு பேசுவதாகச் சொல்லிப் பாய் போனை வைத்தார். ஒப்பந்தமும் இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அவள் பாட்டுக்கு வருவாள், கோல் போடுவாள், போவாள். விற்கக் கிளம்பியவர்கள் கையில் விற்பதற்கு ஒன்றுமே இல்லை. விற்க வேண்டுமென்றால் முதலில் அவளை வாங்கியாக வேண்டும்.

"ஒண்ணு எழுதிருவோம். போன வருசத் தேதி போட்டா முடிஞ்சுது" என்றார், முப்பது வருடம் சட்டத்தைக் காத்த ஏட்டையா.

"எம்.ஏ. படிச்ச புள்ள நம்ம கையில இருக்கும்போது என்ன கவலை? எழுதுட்டி" என்றார் தலைவர்.

எழுதினேன். அந்த ஒரு புகழ்ச்சி எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். ஒரு வாக்கியம் பதினோரு வரி ஓடி, ஒரு பிழை இல்லாமல் முற்றுப்புள்ளியில் போய் நின்றது. அதை நான் எனக்கே இரண்டு முறை வாசித்துக் காட்டிக்கொண்டேன். அந்த வாக்கியம் ஒரு பெண்ணைக் கட்டிப்போடுகிறது என்பது தெரியாமல் இல்லை. கட்டு அழகாக விழுந்திருந்தது, அவ்வளவுதான். தலைவர் அச்சடித்த தாள்களைக் கையில் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்கு. நல்லா எழுதிருக்கா." மூவரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் பாயின் கார் பானெட்டின் மேல் தாள்களை விரித்தோம். மேனேஜரிடம் கிளப்புக்கு ஒரு வேன் கேட்டிருக்கிறோம், அவருக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அப்பாவோடு வந்தாள். முழங்கால் வரை சேறு. பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீ எழுதுனதுதான? எங்கன போடணும்?"

அவள் அப்பா தாளைத் தொடவே இல்லை. "நீ படிச்ச புள்ளம்மா. நீ சொன்னாச் சரிதான்."

என் வீட்டிலும் இப்படித்தான். படித்த யாரோ எழுதுவார், அவர் காட்டும் இடத்தில் எங்கள் ஆட்கள் பெருவிரலை வைப்பார்கள். அப்படி வைத்துத்தான் என் அப்பாவின் வயல் போனது. காட்டுகிற விரல் இந்த முறை என்னுடையது. இதற்கா நான் படித்தேன் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் இதற்கும் என் படிப்பு தாராளமாகப் போதுமானதாக இருந்ததே, அதுதான் நெஞ்சில் குத்தியது.

"கொஞ்சம் இரு. தமிழ்ல வாசிச்சுக் காட்டுதேன்" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குட்டி? மழை வருது" என்றார் ஏட்டையா.

வாசித்தேன். "அஞ்சு வருசத்துக்கு நீ வேற எங்கயும் ஆடக் கூடாது."

"அது சும்மா எழுத்துக்குத்தான்" என்றார் தலைவர்.

"அடிபட்டா செலவு உன்னோடது. கிளப் யாருக்குக் குடுக்கச் சொல்லுதோ அங்கதான் நீ போகணும். குடுக்கலன்னா போக முடியாது."

அவள் அப்பா மெதுவாகக் கேட்டார். "இந்தக் கேரளாக்காரங்களுக்குக் குடுக்கலன்னா?"

"போக முடியாது."

"சரி, கிளப்பு எனக்கு என்ன தரும்?" என்று அவள் கேட்டாள்.

நான் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். "ஜெர்சி."

"அது கிழிஞ்சுட்டே அக்கா."

ஏட்டையாவின் குரல் ஸ்டேஷன் குரலாக மாறியது. "ஏட்டி, நீ எங்க ஆளா, அவ ஆளா?"

"எழுதச் சொன்னத எழுதுனேன். எழுதுனத வாசிச்சேன். வேற என்ன செஞ்சேன் ஏட்டையா?"

அவள் பேனாவை மூடி பானெட்டின் மேல் வைத்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இவுகளுக்கு ஒரு வேன் குடுங்கன்னு நானே சொல்லிட்டுப் போயிருப்பேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு ஆட்டோவில் ஏறினாள். மறுநாள் மேனேஜருக்கு அவளே போன் செய்தாள். கிளப் சம்மதம் தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் இல்லாதவளுக்கு யார் சம்மதம் வேண்டும்? மாதக் கடைசிக்கு முன்பே போய்விட்டாள்.

கமிட்டி பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தது. 'எங்கள் கிளப் உருவாக்கிய வீராங்கனை'. மூவர் படமும் ஆளுயரத்தில். அவள் படம் தபால்தலை அளவில், தலைவரின் முழங்கைக்குக் கீழே.

அடுத்த ஆட்டம் வாசுதேவநல்லூர் அணியோடு. ஆறு விட்டேன். நாங்கள் ஒன்றும் போடவில்லை. "அன்னைக்கே கட்டிப் போட்டிருக்கணும்" என்றார் ஏட்டையா. "அன்னைக்கே வித்திருக்கணும்" என்றார் பாய். பல மாதத்தில் முதல்முறையாக அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு. குற்றம் என்னுடையது.

சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"எத்தனை அக்கா?"

"ஆறு."

சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

"நீ எத்தனை போட்ட?"

"நான் எங்க போட? என்னைய எறக்கவே இல்ல. என்னைவிட நல்லா ஆடுதவளுக இங்கன நாலு பேரு இருக்காளுக. பூரா நேரமும் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்."

திரும்பி வந்துவிடுகிறாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆறு கோல் வாங்கியவள் அதை அவளுக்காகத்தான் கேட்பாள் என்று யார் நம்புவார்?

"ஆனா அக்கா, இங்கன பெஞ்சுல உக்காந்தாலும் சம்பளம் தாராங்க" என்றாள்.